முதலில் லைனைக் கேள், பிறகு மோடம் வாங்கு

கண்ணு,

படாளத்து வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கப் போகிறாய் என்று கேட்டதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை, பழைய செம்புக் கம்பிதான் இருக்கிறது, அதற்கு ஒரு டிஎஸ்எல் மோடம் வாங்கி பிரிட்ஜ் மோடில் போட்டு, தனியாக நல்ல ரௌட்டர் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே கம்பத்திலும் கேபிள் குழியிலும் ஆயுளைக் கழித்தவன் நான். தெரியாமல் தவறியவர்களை விட அவசரப்பட்டுத் தவறியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த அவசரம் உனக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. ஒவ்வொன்றாகப் படி.

1. ஒரு பெட்டியிடம் ஒரு வேலையைக் கேள்.

கடையில் விற்கும் சாதாரண டிஎஸ்எல் பெட்டி நான்கு வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. தொலைபேசிக் கம்பியில் வரும் சிக்னலைப் பிரித்தெடுக்கிறது. உன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி எக்ஸ்சேஞ்சோடு இணைப்பை ஏற்படுத்துகிறது. வீட்டிலுள்ள போன், கணினி, டிவி எல்லாவற்றுக்கும் முகவரி பங்கிடுகிறது. வைஃபையும் பரப்புகிறது. பிரிட்ஜ் மோடில் முதல் வேலை மட்டுமே அதனுடையது. மற்ற மூன்றும் ரௌட்டருக்குப் போய்விடும். மதுராந்தகம் ஏரி மதகைப் பார்த்திருப்பாய். ஏரித் தண்ணீரைக் கால்வாயில் விடுவதோடு மதகின் பொறுப்பு தீர்ந்தது. எந்த வயலுக்கு எவ்வளவு, யாருக்கு முதலில் என்று பார்ப்பது நீர்க்கட்டியின் பொறுப்பு. மோடம் மதகு, ரௌட்டர் நீர்க்கட்டி.

சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் வைத்த மோடம் தொட்டால் சுடும். பிற்பகலில் இணைப்பு அறும், அணைத்துப் போட்டால் வரும், மறுபடி அறும். அப்படிப்பட்ட வீடுகளில் வைஃபையையும் மற்ற சுமைகளையும் இறக்கி, கம்பியைக் கவனிக்கும் வேலையை மட்டும் அதே பெட்டியிடம் விட்டதும் அது ஆண்டுக்கணக்கில் சிணுங்காமல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். சுமை குறைந்தால் எளிய பெட்டியும் நன்றாக உழைக்கும்.

2. கடைக்குப் போகுமுன் லைனைக் கேள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவரிலுள்ள சாக்கெட்டில் சாதாரண தொலைபேசி ஒன்றைச் செருகு. ரிசீவரைக் காதில் வைத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்து. டயல் டோன் நின்றுவிடும். அந்த மௌனத்தில் என்ன கேட்கிறது என்று கவனி. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் லைன் சுத்தம். கரகரவென்றோ, எண்ணெயில் கடுகு பொரிவது போலவோ கேட்டால் எங்கோ ஒரு ஜாயிண்டில் ஈரம் இறங்கியிருக்கிறது. வெயில் நாளில் ஒரு முறையும், நல்ல மழைக்கு மறுநாள் ஒரு முறையும் கேட்டுப் பார். அந்த இரைச்சல் இருக்கும்வரை எந்த ஊர் மோடமும் உனக்கு உதவாது.

கடற்கரைப் பக்கம் இது இன்னும் மோசம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கிராமங்களில் உப்புக் காற்று செம்பைத் தின்கிறது. வீடுகளுக்கு இணைப்பு பிரியும் கம்பத்து டி.பி. பெட்டியைத் திறந்தால் முறுக்கிய முனையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகில்தான் கரையைக் கடந்தது. அந்த மாதிரிக் காற்றும் மழையும் ஒரு ராத்திரி அடித்தால் போதும், நன்றாக இருந்த ஜாயிண்டும் நைந்துவிடும். அந்தக் கரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மோடம்தான் கெட்டது என்று எண்ணி ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டே இருந்தார். குற்றம் அவர் வீட்டு வாசலுக்கு எதிர்க் கம்பத்தில், இரண்டு அங்குலக் கம்பியில் இருந்தது. கம்பத்திலிருந்து வீட்டுக்குப் புது டிராப் வயர் இழுத்ததும் அவரிடமிருந்த மிகப் பழைய மோடமே நன்றாக ஓடியது. ஓய்வூதியக்காரரின் பணம் வீணாய்ப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

காது சொன்னதை எண்களும் சொல்லும். தெரிந்தவர் வீட்டு மோடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிச் செருகி, 192.168.1.1 என்ற முகவரியில் அதன் பக்கத்தைத் திற. அங்கே எஸ்என்ஆர் மார்ஜின் என்றும் லைன் அட்டென்யுவேஷன் என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி. அது எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 6-க்குக் கீழே இறங்கினால் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். இரண்டாவது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எக்ஸ்சேஞ்சிலிருந்து உன் வீடு வரை கம்பி கடக்கும் தூரத்தின் கணக்கு அது. கிலோமீட்டருக்குத் தோராயமாக 13, 14 டெசிபல் வீதம் சிக்னல் தேயும். 60-ஐத் தாண்டிவிட்டால் வேகத்தை எதிர்பார்க்காதே. கம்பி, சாலை போகிற வழியில் போகாது, தெருவோர பில்லர் பெட்டி வழியாகச் சுற்றித்தான் வரும். ஆகவே எக்ஸ்சேஞ்ச் கண்ணுக்குத் தெரிகிற வீட்டுக்கும் தூரம் கூடுதலாக இருக்கலாம்.

3. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கு.

மூன்று விஷயம் பார். முதலாவது ‘அனெக்ஸ் ஏ’ என்று போட்டிருக்கிறதா என்பது. நம் ஊரில் சாதாரணத் தொலைபேசிக் கம்பியின் மேல் ஓடும் டிஎஸ்எல் அந்த வகை. ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்தது அனெக்ஸ் பி. அங்கே வேலை பார்க்கும் பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்பிய உயர்ந்த விலை மோடம் ஒன்று மதுராந்தகம் பக்கத்தில் ஒரு வீட்டில் டிஎஸ்எல் விளக்கே எரியாமல் அட்டைப் பெட்டிக்குத் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். மோடத்தில் குறை எதுவும் இல்லை, அது வேறு கம்பிக்குப் பிறந்தது. இரண்டாவது, ஏடிஎஸ்எல்2+ உண்டா என்பது. அந்த முறையில் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு 24 மெகாபிட் வரை வரலாம். 3 கிலோமீட்டர் தள்ளி 8 வந்தாலே நல்ல லைன் என்று சொல்வேன். அதைவிட வேகமான விடிஎஸ்எல் சேர்ந்த மோடம் பழைய ஏடிஎஸ்எல் லைனிலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் உன் எக்ஸ்சேஞ்சில் விடிஎஸ்எல் கொடுக்கிறார்களா என்று கேட்காமல் அதற்காகக் கூடுதல் பணம் தராதே. மூன்றாவது, செட்டிங்கில் ‘பிரிட்ஜ்’ என்ற தேர்வு வெளிப்படையாக இருக்கிறதா, நான் சொன்ன அந்த இரண்டு எண்களையும் காட்டுகிறதா என்பது. சில மோடங்களில் இவற்றைப் பூட்டி மறைத்து வைத்திருப்பார்கள். உண்மையைக் காட்டாத கருவியோடு வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது.

4. கொம்புகளைப் பார்த்து மயங்காதே.

ஆன்டெனா நான்கு, கிகாபிட் போர்ட் நான்கு என்று கடைக்காரர் சொல்வார். அவர் தொழில் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்ஜ் மோடத்தின் வைஃபையை நீ அணைத்துவிடப் போகிறாய். ஏடிஎஸ்எல்2+ கம்பியோ 24 மெகாபிட்டைத் தாண்டாது. 100 மெகாபிட் போர்ட் ஒன்றே ஒன்று இருந்தால் போதும். இங்கிலாந்தில் விவரம் தெரிந்தவர்கள் பிரிட்ஜுக்கென்றே தேடி வாங்கிய ட்ரேடெக் விகோர் 130-க்கு ஒரே ஒரு ஈதர்நெட் போர்ட்தான், வைஃபை கிடையாது. மிச்சமாகும் பணத்தை ரௌட்டரில் போடு. வீட்டுச் சுவர்களைக் கடந்து வர வேண்டியது அதன் சிக்னல்தான்.

பழைய மோடம் வாங்குவதில் தப்பே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். ஆனால் அதோடு வந்த அடாப்டரையே கேட்டு வாங்கு. 9 வோல்ட் மோடத்துக்கு 12 வோல்ட் அடாப்டரின் முனை பொருந்திவிடும். பொருந்துகிறதே என்று செருகிப் புகையவிட்டவர்கள் உண்டு. வோல்ட், ஆம்பியர், முனையின் துருவம் மூன்றையும் பார்த்த பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும்.

5. இரண்டாவது பெட்டியிலும் கவனம் வை. அதில் ‘வேன்’ என்று எழுதிய ஈதர்நெட் போர்ட் இருக்க வேண்டும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி பிபிபிஓஇ முறையில் இணைப்பு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரௌட்டர் என்று பெயரைக் கேட்டு, இன்னொரு டிஎஸ்எல் மோடத்தையே வாங்கி வந்து கையைப் பிசைந்தவர்கள் உண்டு.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை.

ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் பயனர் பெயர், கடவுச்சொல், மோடம் கேட்கும் விபிஐ, விசிஐ எண்களை எழுது. பிஎஸ்என்எல் லைன் என்றால் பெரும்பாலும் 0, 35. முதலில் மோடத்தைப் பழைய முறையிலேயே, பிரிட்ஜ் இல்லாமல் ஓட்டிப் பார். ஒரு நாள் முழுக்க நன்றாக ஓடிய பிறகு அதைப் பிரிட்ஜுக்கு மாற்று. அதன் வைஃபையையும் முகவரி பங்கிடும் வேலையையும் நிறுத்து. அதன்பிறகு மோடத்தைச் சில நிமிடம் அணைத்து வை. எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் பழைய இணைப்பு திறந்தே கிடந்தால் ரௌட்டரை உள்ளே விடாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கும். அந்தச் சில நிமிடம் பொறுக்க முடியாமல் எல்லா செட்டிங்கையும் கலைத்தவர்களை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

மோடமும் ரௌட்டரும் பல நேரம் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் மோதாமலிருக்க ரௌட்டரை 192.168.2.1-க்கு மாற்றிவிடு. பிரிட்ஜுக்குப் போனதும் மோடத்தின் ‘இன்டர்நெட்’ விளக்கு பல மாதிரிகளில் அணைந்துவிடும். பயப்படாதே, அந்த வேலை இப்போது ரௌட்டருடையது. டிஎஸ்எல் விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் மோடம் தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். சில பக்கங்கள் திறக்கின்றன, சில பாதியிலேயே நிற்கின்றன என்றால் ரௌட்டரில் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1492 என்று இருக்கிறதா பார். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட். அதில் 8 பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது.

ஸ்ப்ளிட்டரையும் மறக்காதே. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓடுகிறது, இணையம் அதற்கு வெகு மேலே. இரண்டையும் பிரிப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். மாடியறையில் இன்னொரு தொலைபேசி இணைப்பு இருந்தால் அதுவும் ஸ்ப்ளிட்டரின் ‘போன்’ வாய் வழியாகத்தான் போக வேண்டும். நேரே லைனில் மாட்டிய ஒரு பழைய போன் மொத்த வீட்டின் வேகத்தையும் கெடுக்கும்.

7. பூட்டை மாற்றாமல் கதவைத் திறக்காதே.

‘அட்மின், அட்மின்’ என்று பல மோடங்களுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. 2017 ஜூலையில் நம் நாட்டில் அந்தச் சாவியை மாற்றாத பிராட்பேண்ட் மோடங்களைத்தான் ஒரு தீய நிரல் தேடிப் பிடித்து முடக்கியது. குடும்பங்கள் இணைப்பில்லாமல் நின்றன, வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று பிஎஸ்என்எல் அறிவுறுத்தியது. பிரிட்ஜ் மோடில் வெளியுலகத்துக்கு முகம் காட்டுவது ரௌட்டர். ஆகவே இரண்டுக்கும் புதுக் கடவுச்சொல் போடு. ரௌட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பி. வாங்கிய பிறகு புதுப்பிப்பே வராத ரௌட்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதே.

8. வீட்டில் இருப்பவர்களை நினைத்து அமை.

நீ வேலையாகச் சென்னைக்குப் போன நாளில் இணைப்பு நின்றுவிட்டால் அம்மா என்ன செய்வாள்? இரண்டு பெட்டி வைத்தவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. மோடத்தின் மேல் 1 என்றும் ரௌட்டரின் மேல் 2 என்றும் பெரிதாக எழுதி ஒட்டு. ‘இரண்டையும் அணை. முதலில் 1-ஐப் போடு. டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரியும்வரை பொறு. பிறகு 2-ஐப் போடு’ என்று தமிழில் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டு. ஒவ்வொரு வயரிலும் அது எங்கே போகிறது என்று ஒரு துண்டு ஒட்டு. அம்மாவை உட்கார வைத்து அவள் கையாலேயே ஒரு முறை செய்யச் சொல். நீ செய்துகாட்டினால் தலையாட்டுவாள், தானே செய்தால்தான் பயம் போகும்.

திறமைசாலிப் பிள்ளைகள் பலர் பெற்றோர் வீட்டில் அழகாக எல்லாம் அமைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரு சின்ன மின்தடைக்குப் பிறகு அந்தப் பெரியவர்கள் வாரக்கணக்கில் பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் இருப்பார்கள். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. எனக்கு அதுதான் பொறுக்காது. வீட்டில் எல்லோருக்கும் கையாளத் தெரிந்தால்தான் அது வீட்டுப் பொருள்.

9. இடி இடித்தால் கழற்று. மின்சாரப் பிளக்கை மட்டும் உருவினால் போதாது, தொலைபேசிக் கம்பியையும் உருவு. மின்னல் கம்பத்தின் வழியாகவும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என்று நினைக்காதே, சித்திரைக் கோடை மழையின் இடிதான் இன்னும் கொடியது.

10. லைன்மேனிடம் மரியாதையாகப் பேசு.

எவ்வளவு நல்ல மோடம் வாங்கினாலும் கம்பத்தில் ஏற ஓர் ஆள் வேண்டும். ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ‘எஸ்என்ஆர் நேற்று 12, மழைக்குப் பிறகு இன்று 5, போனில் கரகரப்பு இருக்கிறது’ என்று சொல். கேட்டதுமே அவர் கால் நேரே டி.பி. பெட்டிக்குப் போகும். அதற்காகத்தான் அந்த நோட்டில் நல்ல நாளின் எண்களையும் எழுதி வைக்கச் சொல்கிறேன். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடு. பெயரைக் கேட்டு வைத்துக்கொள். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைத் தோண்டும்போதெல்லாம் அறுபட்ட கேபிளை, நூற்றுக்கணக்கான ஜோடிகளை, குழிக்குள் குந்தி உட்கார்ந்து வண்ணம் பார்த்து இணைத்தவர்கள் அவர்கள். இன்றைக்கு அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

11. செம்பு விடைபெறும் நாளில் பிடித்து வைக்காதே.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்டைத் தொடங்கியபோது, 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்பதுதான் அரசு வகுத்த கணக்கு. 2023-இல் அந்தக் கணக்கு 2 மெகாபிட் ஆயிற்று. காலம் எந்தப் பக்கம் போகிறது என்று உனக்கே தெரியும். அதனால் டிஎஸ்எல் மோடத்துக்குப் பெரும் பணம் போடாதே. நல்லதாக, எளிதாக, முடிந்தால் பழையதாகவே வாங்கு. உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்த அன்றே மாறிவிடு. கண்ணாடிக் கம்பிக்கு உப்புக் காற்றும் மின்னலும் ஒன்றும் செய்யாது. அப்போது மோடத்தின் இடத்தில் ஓஎன்டி என்ற பெட்டி வரும். அதையும் பிரிட்ஜில் போட்டுத் தரச் சொல்லிக் கேள். அவர்கள் சொல்லும் விலான் எண்ணை அதே நோட்டில் எழுதிக்கொள். உன் ரௌட்டர் அப்படியே அதற்கும் உதவும். பழைய மோடத்தைக் குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடு. பழைய தொலைபேசி இணைப்பை எழுத்தில் கொடுத்து முறையாக ரத்து செய். கட்டிய வைப்புத்தொகை ஏதாவது இருந்தால் ரசீதைக் காட்டிக் கேட்டு வாங்கிக்கொள்.